அந்தக் கண் யாருடையது

அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் பெயின்ட் கடைக்கு வந்து சேர்ந்தபோது, யாரிடம் மன்னிப்புக் கேட்டிருந்ததோ அந்த ஆள், ஒரு வாளி வெள்ளையில் கறுப்பு மூன்று சொட்டா நான்கு சொட்டா என்ற கவலையில் இருந்தார். கடையில் அவருக்குக் கலர்காரர் என்று பெயர். பழைய சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அதே நிறத்தைக் கலந்து, சில்லின் மேலேயே ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் பொட்டு எங்கே என்று கேட்பார். வந்தவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தேடுவார், கண்ணாடி போட்டுத் தேடுவார், பிறகு வாளியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அப்படிப்பட்டவர், பதினான்கு ஆண்டுகளாக அரசாங்க ஏட்டில் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர்.

இருபத்தாறு வயதில் ரயில் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறி, மருத்துவக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தார். புள்ளிபுள்ளியாக அச்சிட்ட புத்தகத்தைக் காட்டி அதற்குள் என்ன எண் தெரிகிறது என்றார்கள். தெரிந்ததைச் சொன்னார். இரண்டு வாரத்தில் 'நிறக்குருடு, தகுதியற்றவர்' என்று காகிதம் வந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, அவர் அதை நம்பினார். காகிதத்தில் முத்திரை இருந்தது, முத்திரையின் மேல் கையெழுத்து இருந்தது, கையெழுத்தைச் சரிபார்த்ததற்கு இன்னொரு முத்திரை இருந்தது. சொந்தக் கண்ணுக்கு அப்படி எதுவும் கிடையாது. இரண்டு வருடம், நாலு பேர் சாலையைக் கடந்தால்தான் அவரும் கடந்தார்.

கல்யாணமான பிறகு மனைவியின் அண்ணன் தன் பெயின்ட் கடையில் டிரம் தூக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். நிறம் தெரியாத ஆள் கலக்கிற பக்கம் வந்து கெடுக்க மாட்டான் என்பது மச்சானின் கணக்கு. ஒரு நாள் கலக்கும் மெஷின் படுத்துவிட, மச்சான் கையால் கலந்துகொண்டிருந்தபோது, டிரம்மைத் தோளில் வைத்தபடியே இவர், "மச்சான், இதுல மஞ்சள் கொஞ்சம் தூக்கல்" என்றார். மச்சான் சோதித்துப் பார்த்தார். தூக்கல்தான். அன்றைக்கு டிரம் இறங்கியது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைக்கு வேன் வாங்கும்வரை. லைசென்ஸுக்குப் போனால் கண் டாக்டர் பரிசோதித்து அருமையான கண் என்றார், ஆனால் கம்ப்யூட்டரில் பழைய மருத்துவக் குழுவின் குறிப்பு நின்றது. அதை நீக்காமல் லைசென்ஸ் கிடையாது. அன்று முதல் மனைவி கடிதம் எழுத ஆரம்பித்தாள். அவள் எழுத்து குண்டுகுண்டாக, நிதானமாக, விடாப்பிடியாக இருக்கும். மூன்று வருடத்தில் பத்தொன்பது கடிதம். இருபதாவதை எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் இந்தப் பதில் வந்தது.

மச்சான் கடிதத்தைக் கடை நடுவில் நின்று வாசித்தார். பதிவுகளை மறுஆய்வு செய்ததில் பரிசோதனை முடிவில் பிழை நேர்ந்திருப்பது தெரியவந்துள்ளதாம். அதனால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறதாம். தங்களிடம் நேரில் மன்னிப்புக் கோரும் நிகழ்ச்சிக்குத் தாங்கள் குறித்த நேரத்தில் வரவேண்டுமாம், தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தானாம்.

"மன்னிப்புக் கேக்கறதுக்கும் நாமதான் பஸ் ஏறிப் போகணும், பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்றார் மச்சான்.

அரசாங்கத்தில் வருத்தம் தெரிவிப்பதற்கென்றே புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தார்கள். மூன்றாவது மாடி, புது நாற்காலிகள், சுவரில் ஒரு பலகை. இதுவரை கோரப்பட்ட மன்னிப்பு இருநூற்று பதினொன்று, ஏற்கப்பட்டது இருநூற்று பதினொன்று, நூறு சதவீதம். பலகைக்குக் கீழே ஒரு மேடை, மேடையில் துணை இயக்குநர். வருத்தத்துக்கென்றே தனியாக ஒரு குரல் வைத்திருந்தார். மைக்கைத் தொடும்போது அது வரும், கையை எடுத்தால் போய்விடும்.

"தலை குனியத் தெரிந்த அரசுதான் தலை நிமிர்ந்து நிற்க முடியும்" என்று ஆரம்பித்தார்.

"இப்ப நிமிர்ந்தா மைக்குல இடிச்சுக்குவாரு" என்று மனைவி கலர்காரரின் காதோரம் சொன்னாள்.

அன்று மன்னிப்பு வாங்க ஏழு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். அதிகாரிகள் கதவு எண்ணை மாற்றிப் படித்து இடித்துவிட்ட வீட்டுக்குச் சொந்தக்காரியான ஒரு பெண்மணி முதலில் மேடையேறினாள். துணை இயக்குநர் அவள் முன்னால் ஆழமாகக் குனிந்தார், படம் எடுத்தார்கள், அவள் மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, இனி நான் எங்கே போவது என்று கேட்டாள். வலது பக்கமாக வெளியேறலாம் என்று மரியாதையாகக் காட்டினார்கள்.

கலர்காரரின் முறை வந்தது. குனிந்தார்கள், எடுத்தார்கள், படிவத்தை நீட்டினார்கள். 'அரசின் மன்னிப்பை முழு மனதுடன் ஏற்கிறேன். இத்துடன் இக்கோப்பு முடிக்கப்படுவதற்குச் சம்மதிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டால் கம்ப்யூட்டரில் அந்தக் குறிப்பு மறையும், ஒரே வாரத்தில் லைசென்ஸ். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோபமில்லை, வருத்தமில்லை. சில்லில் பொட்டு தெரிந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி ஓர் உறுத்தல்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? என் கண்ணு நல்ல கண்ணுன்னு சொல்லிட்டீங்க. அப்ப அன்னிக்கு அந்தப் புத்தகத்தைத் தப்புத் தப்பா படிச்ச கண்ணு யாரோடது?"

துணை இயக்குநர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். அப்படி ஒரு கண் இருக்கவேண்டிய அவசியமில்லை, அது எழுத்துப்பிழை என்றார். பிழை என்றால் எண் மாறும், எழுத்து மாறும், அவ்வளவுதானே என்றார் கலர்காரர். பதினைந்து பக்கத்தில் எந்தெந்தப் பக்கத்தை எப்படித் தவறாகப் படித்தார் என்றுகூட என் காகிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறதே. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகத் தவறாகப் படித்திருக்கிறார். என் முடிவு அவருக்குப் போயிருந்தால், அவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?

"நல்ல கேள்வி. ஆனா இது வருத்தம் தெரிவிக்கிற பிரிவு. தேடற பிரிவு வேற" என்றார் துணை இயக்குநர். அது எந்த மாடி என்றதற்கு, இன்னும் உருவாக்கப்படவில்லை என்றார்.

கலர்காரர் பேனாவை மூடினார். பதில் தெரிந்ததும் போடுகிறேன் என்றார்.  இருநூற்று பதினொன்றின் வரலாற்றில் இப்படி ஒருவர் மன்னிப்பைப் பிடித்து நிறுத்தியதில்லை. பலகையின் நூறு சதவீதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாத அறிக்கை போகும் வெள்ளிக்கிழமைவரை அவகாசம் என்றார் துணை இயக்குநர்.

  படியிறங்கிக் கீழ்த்தளம் வந்ததும் மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "பத்தொன்பது லெட்டர் எழுதினவ நானு. இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோணலைன்னுதான் யோசிக்கறேன். போய்க் கண்டுபிடிச்சுட்டு வாங்க. கடையை நான் பாத்துக்கறேன்."

மருத்துவக் குழுவின் பழைய காகிதங்கள் தரைக்குக் கீழே ஓர் அறையில் இருந்தன. அதைக் காப்பவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் ஓர் அம்மா. பத்து வருடத்தில் அவரிடம் காகிதம் கேட்டு வந்தவர்களைவிட, கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகமாம். கலர்காரர் தன் சந்தேகத்தைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். முக்கால் மணி நேரத்தில் அந்தத் தேதியின் தாள் மேஜைக்கு வந்தது.

தாளில் ஒரு பெஞ்சு வரைந்திருந்தது. பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு எதிரே பெயர். கலர்காரர் ஆறு.

"அப்ப பெஞ்சுலதான் நம்பர் ஒட்டுவாங்க. ஆளுக்கு நம்பர் குடுத்தா தொலைச்சிடறாங்கன்னு ஒரு பெரிய ஆபீசர் கண்டுபிடிச்ச முறை" என்றார் அந்த அம்மா. காலையில் ஒருவர் வந்து, யார் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெயர் எழுதிக்கொண்டு போய்விடுவார். பிறகு பெஞ்சு வரிசைப்படி கூப்பிடுவார்கள். உள்ளே டாக்டர் பெயர் கேட்கமாட்டார், பெஞ்சு எண்ணுக்கு நேரே முடிவை எழுதுவார். அந்த முறைக்காக அந்த ஆபீசருக்குப் பாராட்டுப் பத்திரமெல்லாம் கொடுத்தார்களாம். பெஞ்சு நகராது என்பதை அவர் சரியாகக் கணித்திருந்தார்.

கலர்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது? ஏழாம் எண் பக்கம். காலை வெயில் நேராக அடித்தது. பக்கத்தில் இருந்த மெலிந்த ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலை வலிக்கிறது என்றான். இவர் எழுந்து தன் ஆறாம் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு ஏழில் உட்கார்ந்தார். பெயர் எழுதுகிறவர் அதற்கு முன்பே எழுதிக்கொண்டு போயிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. பதினான்கு வருடமும் அந்த அரை நிமிடத்துக்குள் இருந்தது.

ஏழாம் எண்ணுக்கு எதிரே இருந்த பெயரை அந்த அம்மா வேறொரு ஏட்டில் தேடினார். ரயில் ஓட்டுநர், இன்னும் வேலையில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. நான்கு தடவையும் 'முன்னர் உள்ளபடியே, மாற்றமில்லை' என்று எழுதியிருந்தது. முன்னர் உள்ளதைத் திருப்பி எழுதியிருந்தார்கள், கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை ரயில்வே குடியிருப்பில் கதவைத் திறந்த ஓட்டுநர், கலர்காரரின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த நிற அட்டையைப் பார்த்துவிட்டு, போன வருடம்தான் பெயின்ட் அடித்தோம், வேண்டாம் என்று கதவைச் சாத்தப் போனார். மெலிந்த ஆள் இப்போது தொந்தியும் நரையுமாக இருந்தார். மனைவி ஆசிரியை, பள்ளிக்கூடம் போயிருந்தாள். பெஞ்சு, வெயில், ஜன்னல் என்று கலர்காரர் சொல்லிக்கொண்டே வர, சாத்திய கதவு மெல்லத் திறந்தது.

"ஞாபகம் இருக்கு. எவ்வளவு நல்ல மனுஷன்னு அன்னிக்கு வீட்ல போய்ச் சொன்னேன்" என்றார் ஓட்டுநர்.

கலர்காரர் நிற அட்டைகளை மேஜையில் பரப்பினார். சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம் வைக்கச் சொன்னார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஐந்தாவது அட்டையில் சிரிப்பு நின்றது. எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கடைசியில், செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் அடர்ந்த இலைப்பச்சையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரியா?"

"இல்லைங்க."

பிறகு கலர்காரர் கேட்டதெல்லாம் ஆர்வத்தில் கேட்டது, குறுக்கு விசாரணை இல்லை. எப்படி ஓட்டினீர்கள் இத்தனை வருடம்? ஓட்டுநரும் அதேபோல், தனக்கே புதிய செய்திபோல் யோசித்து யோசித்துச் சொன்னார். ரயில் சிக்னலில் கீழே எரிந்தால் நிறுத்தணும், மேலே எரிந்தால் போகணும். அதோடு ஒவ்வொரு சிக்னலையும் டிரைவரும் உதவி டிரைவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது வண்டியின் விதி. ஒருவர் 'பச்சை' என்றால் மற்றவரும் பார்த்து 'பச்சை' என்பார். உதவி டிரைவர் முதலில் சொல்லட்டும் என்று தான் எப்போதும் ஒரு நொடி காத்திருந்ததாகவும், அதைச் சோம்பல் என்று நினைத்திருந்ததாகவும் சொன்னார். நினைத்திருந்தேன் என்று சொன்னவர், கொஞ்சம் பொறுத்து, நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது என்று திருத்தினார்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "நீங்க கையெழுத்துப் போட்டா ஃபைல் மூடிடும்ல?"

"மூடிடும்."

"அப்ப போட்டுடுங்களேன். உங்களுக்கு லைசென்ஸ். எனக்கு இன்னும் இருபது வருஷ வேலை. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே இதுவரைக்கும்."

கலர்காரருக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இந்த மனிதர் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. தேடிக்கொண்டு வந்தது ஒரு கேள்விக்குப் பதில். வந்த இடத்தில் பதிலுக்கு ஒரு வீடும், பள்ளிக்கூடம் போயிருக்கும் மனைவியும், கொடியில் காயும் சீருடையும் இருந்தன. வாயில் வந்தது அந்த ஒரே வார்த்தைதான்.

"மன்னிச்சிடுங்க."

"அதை வச்சு நான் என்ன பண்றது?" என்றார் ஓட்டுநர். கோபமில்லாமல்தான் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல.

கலர்காரர் அட்டைகளை அடுக்கினார். வாசல்வரை வந்தவரை ஓட்டுநரே நிறுத்தினார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒண்ணாந்தேதியிலிருந்து எங்க பாதையில உதவி டிரைவர் கிடையாது. ஒத்த ஆளுதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிக்னல் இருக்கு. பழசு, ஒத்த விளக்கு. மேலேயும் கிடையாது கீழேயும் கிடையாது. அதை மட்டும் எப்பவும் அவன்தான் சொல்வான்." பிறகு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை இருவரும் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். துணை இயக்குநர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டதும் அவருடைய கை தானாக மைக்கைத் தேடியது, மேஜையில் மைக் இல்லை. இருந்தாலும் அந்தக் குரல் வந்துவிட்டது. இந்த நண்பருக்கும் அரசின் சார்பில் வருத்தம் தெரிவிக்கப்படும் என்றார். படிவம் தயார் செய்யச் சொன்னார். ஓட்டுநர் அதை வாங்கவில்லை. எனக்கு வருத்தம் வேண்டாம், ஓட்டாத வேலை வேண்டும், இதே தகுதியில், தவறு குழுவினுடையது என்று காகிதத்தில் எழுதி, என்றார். அவர் சொல்லி முடித்ததும் கலர்காரர், அது வந்தால்தான் தன் கையெழுத்தும் வரும் என்றார்.

இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று துணை இயக்குநர் விளக்கினார். கோப்பு மருத்துவக் குழுவுக்குப் போய், அங்கிருந்து பணியாளர் பிரிவுக்குப் போய், அவர்கள் மறுபரிசோதனைக்கு எழுதி, குறைந்தது ஐந்து மாதம். அரசு இயந்திரம் நிதானமானது, அதன் நிதானம்தான் அதன் பலம். பேசிக்கொண்டே படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். பெயர், வயது, பதவி. எந்தப் பாதையில் ஓட்டுகிறீர்கள்?

ஓட்டுநர் பாதையைச் சொன்னார்.

பேனா நின்றது. "சாயங்காலம் அஞ்சு நாப்பது வண்டியா?"

"ஆமா சார்."

"நேத்தும் நீங்கதானா?"

"நேத்தும் நான்தான் சார். முந்தா நாளும்."

துணை இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். தினமும் அந்த வண்டியில் மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தூங்கிப்போவது அவருக்கு வழக்கமாக இருந்திருக்கவேண்டும். பாலத்துக்கு முன்னால் வண்டி லேசாகத் தயங்குவதும்கூட அந்தத் தூக்கத்தில் தெரிந்திருக்கலாம். பிறகு தொலைபேசியை எடுத்தார். வருத்தக் குரல் போய், கலர்காரர் அதுவரை கேட்டிராத ஒரு சாதாரண மனிதக் குரலில், மருத்துவக் குழுவிலும் பணியாளர் பிரிவிலும் பேசினார். ஒரு தடவை கத்தினார். ஐந்து மாத வேலை இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் எடுத்தது.

ஆணையில் கால அட்டவணை அறையில் அதே தகுதியில் பணி என்று இருந்தது. தவறு குழுவினுடையது என்ற வரியை எழுத மட்டும் அரை மணி நேரம் போனது. 'தவறு' என்றால் தவறாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, 'நடைமுறைக் குறைபாடு' என்று போட்டுத் தந்தார்கள். ஓட்டுநர் இரண்டு முறை படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். கலர்காரர் தன் படிவத்தை வாங்கினார். 'முழு மனதுடன்' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தார். வேன் நினைவுக்கு வந்தது. மூன்று பிரதியிலும் போட்டார். பலகையில் இருநூற்று பதினெட்டு ஆயிற்று.

அன்று மாலை துணை இயக்குநர் பேருந்தில் வீட்டுக்குப் போனதாகப் பிறகு கேள்வி.

வெளியே வந்து இருவரும் சாலையோரம் நின்றார்கள்.  பதினான்கு வருடம் ஓட்டிய கையை ஓட்டுநர் பேன்ட் பையில் விட்டுக்கொண்டார். இனி கால அட்டவணையில் ரயில்கள் எல்லாம் கறுப்பு எழுத்தில் வெள்ளைக் காகிதத்தில் ஓடும் என்றார். கலர்காரர் மறுபடியும் அந்த வார்த்தையை எடுக்கப் போனார். ஓட்டுநர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிக்கறதெல்லாம் மெதுவா பாக்கலாம். என் வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. ரயில் ஓட்டறவரைக் கட்டிக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கிறவ. இப்ப பள்ளிக்கூடத்துலேருந்து வந்திருப்பா. எனக்குச் சொல்ல வராது. நீங்க வந்து சொல்லுங்க. பெஞ்சுலேருந்து ஆரம்பிச்சு, எல்லாத்தையும். அவ என்ன கேட்டாலும் பதில் சொல்லிட்டுத்தான் எந்திரிக்கணும்."

 மூன்றாவது மாடியில் யாரும் இப்படி ஒரு வேலையைத் தங்கள்மேல் போட்டுக்கொண்டதில்லை என்று கலர்காரருக்குத் தோன்றியது. வருகிறேன் என்றார். வழியில் கடைக்குப் போன் செய்தார்.

"போட்டாச்சா?" என்றாள் மனைவி.

போட்டாச்சு என்றார். அப்புறம் ஏன் இன்னும் வரவில்லை, இங்கே இரண்டு பேர் சில்லை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்றாள். எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று சொன்னார். அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"போயிட்டு வாங்க. ஆனா அந்தம்மா முன்னாடி உக்காந்து 'ஏற்பட்டிருக்கக்கூடிய'ன்னெல்லாம் ஆரம்பிக்காதீங்க. நீங்க எந்திரிச்சு இடம் குடுத்தீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் அவங்க திட்டினா திட்டட்டும், பாதியில கிளம்பிடாதீங்க."

சரி என்று போனைப் பையில் போட்டார். ஓட்டுநர் அதற்குள் நாலடி முன்னால் போயிருந்தார். கலர்காரர் எட்டி நடந்து சேர்ந்துகொண்டு, அந்தம்மா என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று கேட்டார்.

"கணக்கு" என்றார் ஓட்டுநர். "ஒரு படி விடாம கேப்பா."